படுக்கையில் குளிப்பாட்டும் முறை

எழுந்திருக்க முடியாத ஒருவரைப் படுக்கையிலேயே குளிப்பாட்டத் தேவையானவை: பேசின் இரண்டு, வெந்நீர் ஜக், பச்சைத் தண்ணீர் ஜக், அழுக்குத் தண்ணீருக்கு வாளி, சோப்பு, முகத்துக்கு ஒரு துணி, உடம்புக்கு ஒரு துணி, துவாலை இரண்டு, மெத்தை நனையாமலிருக்க ரப்பர் ஷீட், மேலே போர்த்த வெள்ளை விரிப்பு, சீப்பு, முதுகில் தடவ ஸ்பிரிட், பவுடர், மாற்று உடை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நர்ஸிங் பள்ளியில் சேர்ந்த புதிதில் எனக்கு மிகவும் பிடித்தவை இந்தப் பட்டியல்கள்தான். மற்றப் பெண்கள் அவற்றை மனப்பாடம் செய்யத் திணறினார்கள். எனக்கோ, உலகத்தில் எந்தக் கஷ்டத்துக்கும் ஒரு தட்டில் அடுக்கிவைக்கக்கூடிய பதில் இருக்கிறது என்ற தைரியம் அவற்றிலிருந்து வந்தது.

பள்ளி பம்பாயில், செம்பூரில், ஒரு தர்ம ஆஸ்பத்திரியோடு சேர்ந்தது. நாங்கள் அங்கேயே ஹாஸ்டலில் இருந்தோம். ஞாயிற்றுக்கிழமைகளில் குர்லாவில் ரயில் மாறி மாட்டுங்காவில் இருக்கும் வீட்டுக்குப் போவேன். தாதர்வரை டிராம் ஓடிக்கொண்டிருந்த கடைசி வருஷங்கள் அவை.

எங்கள் முதல் நோயாளி ஒரு பொம்மை. ஆளுயரம், ரோஜாக் கன்னம், வர்ணம் போன தலைமுடி. தப்பாகத் தூக்கினால் தோள்பட்டையிலிருந்து கை கழன்று வரும். அதற்கு மேம்சாப் என்று பெயர் வைத்திருந்தோம். மேம்சாப்புக்கு முகம் துடைத்தோம், தலை வாரினோம், காய்ச்சல் பார்த்தோம். ஷீட்டின் மூலையைக் கடித உறை மாதிரி மடித்து மெத்தைக்கு அடியில் செருகக் கற்றுக்கொண்டோம். தலையணை உறையின் திறந்த வாய் வார்டுக் கதவைப் பார்க்கக் கூடாது. கட்டிலின் சக்கரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகத் திரும்பியிருக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையறியாமல் வீட்டு மெத்தைகளின் மூலைகளையெல்லாம் அப்படி மடித்துவிட்டேன்.

"ஆத்துல யாருக்குடி உடம்பு சரியில்லே?" என்றாள் அம்மா. "அபசகுனமா ஆஸ்பத்திரி மாதிரி பண்ணி வச்சிருக்கே!"

அம்மாவுக்கு நான் நர்ஸிங் போனதில் சம்மதமில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குளியலறைக்குத்தான் போக வேண்டும், குளித்த பிறகுதான் சமையலறை வாசல். அப்பா ஃபோர்ட்டில் ஒரு ஆபீஸில் குமாஸ்தா. அவர் அதட்டவில்லை. ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். முதல் சில மாதங்கள் பரீட்சார்த்தம், அதன் முடிவில் செய்முறைப் பரீட்சை, தேறியவர்களுக்குத் தொப்பி, தேறாதவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக வேண்டியதுதான். இது பள்ளியின் விதி. அப்பா அதையே தம் விதியாகவும் எடுத்துக்கொண்டார்.

"அவா ஒன்ன வச்சுண்டா சரி, நானும் ஒண்ணும் சொல்லலே. வேண்டாம்னுட்டா டைப்பிங் கிளாஸ். அப்புறம் ஆபீஸ், அப்புறம் ஜாதகம். சம்மதமா?"

சம்மதம் என்றேன். வேறு என்ன சொல்ல?

பரீட்சைக்கு மேம்சாப் உதவாது. பெண்கள் வார்டிலிருந்து ஆளுக்கொரு நோயாளியை ஒதுக்கினார்கள். பரீட்சைக்கு முன் சில நாள் அவரைப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு பரீட்சகர் முன்னால் படுக்கையில் குளிப்பாட்டிக் காட்ட வேண்டும். எனக்கு வந்தவர் தாராவிக்காரர். தோல் பை தைக்கும் சின்னப் பட்டறை வைத்திருந்தவரின் மனைவி, நாற்பது வயதிருக்கும், திருநெல்வேலிப் பக்கத்து முஸ்லிம். குழாயடியில் குடத்தோடு வழுக்கி விழுந்து, இடது காலுக்குத் தொடையிலிருந்து கணுக்கால்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். நான் தமிழில் பேசியதும் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார்.

"தமிழ்ப் பிள்ளையா! எந்த ஊரு மவளே?"

"மாட்டுங்கா, மாமி."

"மாட்டுங்கா ஒரு ஊரா? ஒங்க வாப்பாக்கு எந்த ஊருன்னுல்லா கேக்கேன்."

"பாலக்காடு பக்கம்."

என் நெற்றியையும் பேச்சையும் சேர்த்துக் கணக்குப் போட்டார். "ஐயரு வீட்டுப் பிள்ளையா! பீச்சட்டி தூக்கவா வந்தே?"

"அந்தப் பாடம் போன வாரமே ஆயிடுத்து, மாமி."

அவர் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. "மாமின்னு கூப்புடாத. கட்டிக் குடுக்க எங்கிட்ட மவன் இல்ல, நாலும் பொட்டப் பிள்ளைய. லாத்தான்னு கூப்புடு."

அவர்கள் வீட்டில் அக்காவை அப்படித்தான் அழைப்பார்களாம். அன்றிலிருந்து லாத்தா. நான் வெப்பமானியை அவர் வாயில் வைத்தால், அதை எடுத்த கையோடு என்னைப் பார்த்து முதல் கேள்வி, "சாப்ட்டியா?" நாடி பிடித்தால், என் மணிக்கட்டைத் தாம் பிடித்து, "ஒனக்குத்தான் ஒண்ணுமில்ல, எலும்பு" என்பார். வார்டில் பாதிப் பேரோடு மராத்தி கலந்த பம்பாய் ஹிந்தியில் சண்டை, மீதிப் பாதியோடு சிநேகம். அப்படிப்பட்டவரைக் குளிப்பாட்டுவதில் எனக்கு என்ன தொல்லை வரப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

முதல் ஒத்திகை சனிக்கிழமை. பொருள்களை வரிசையாக அடுக்கி, கட்டிலைச் சுற்றித் தட்டிகளை இழுத்து மறைத்தேன். தலையணைகளை எடுத்து அவரை மல்லாத்திப் படுக்கவைத்தேன். வெள்ளை விரிப்பைக் கழுத்துவரை போர்த்தி, அதற்கு அடியிலேயே உடையைக் கழற்ற ஆரம்பித்தேன். உடம்பு வெளியே தெரியாமல் இதைச் செய்வது சாமர்த்தியமான வேலை. மேம்சாப்பிடம் நன்றாகப் பழகியிருந்தேன். லாத்தாவின் பேச்சு நின்றுபோனதைக் கவனித்தேன். கூச்சப்படுகிறார் என்று நினைத்துத் தட்டிகளுக்கு நடுவில் இருந்த இடைவெளியையும் அடைத்தேன். முகத்தைத் துடைத்துவிட்டு வலது கையைத் தூக்கினேன். அவர் அதை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"வேணாம் மவளே. இன்னிக்கு விட்டுரு."

"தண்ணி சூடு பத்தலையா, லாத்தா?"

"விட்டுருன்னா விட்டுரு!"

விட்டுவிட்டேன். மத்தியானம் முழுவதும் காரணங்களை வரிசைப்படுத்தினேன். கூச்சம். தண்ணீரின் சூடு. என் கை பிடிக்கவில்லையோ என்ற சந்தேகம். ஆஸ்பத்திரி சோப்பின் கார்பாலிக் நெடி. முதலாவதற்குத் தட்டி இருக்கிறது. இரண்டாவதை முழங்கையால் சோதித்தாயிற்று. மூன்றாவதை நினைக்கவே பிடிக்கவில்லை. நான்காவதற்கு என்னிடம் மருந்து இருந்தது, மாட்டுங்காவில்.

மறுநாள் வீட்டில் பூஜை அலமாரியிலிருந்து கொஞ்சம் கற்பூரம் எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன்.

"எதுக்குடி அது?" என்றாள் அம்மா.

"ஒரு நோயாளிக்கு, வாசனைக்கு."

"அங்கேயாவது சாமி நினைப்பு இருக்கே" என்று அம்மா முதல்முறையாக என் படிப்பைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொன்னாள்.

எங்கள் வீட்டில் கற்பூர வாசனை வந்தால் மங்களமான காரியம் ஏதோ நடக்கிறது என்று அர்த்தம். திங்கட்கிழமை காலை வெந்நீர் பேசினில் அதைப் பொடித்துப் போட்டேன். பட்டியலில் இல்லாத ஒரு பொருளை நான் சேர்த்தது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. ஆவி எழுந்தது. துணியை நனைத்துப் பிழிந்து, ஆசையாக முகத்தருகே கொண்டுபோனேன்.

லாத்தா மூச்சை உள்ளே இழுத்தார். பிறகு போட்ட சத்தத்தில் வார்டு முழுக்க எழுந்து உட்கார்ந்தது.

"யா அல்லா! கருப்பூரத் தண்ணியா! ஏ பாவி மவளே, நா இன்னும் சாவலட்டீ! எனக்குக் கால்தாம்ட்டீ ஒடஞ்சிருக்கு!"

பேசின் கவிழ்ந்தது. எங்களுக்குப் பாடம் நடத்தும் டியூட்டர் சிஸ்டர் ஓடி வந்தார். மங்களூர்க்காரர், தமிழ் தெரியாது. ஈரத் தரையையும் தட்டிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் முகங்களையும் பார்த்தார். தண்ணீரை முகர்ந்தார்.

"இது பட்டியலில் உண்டா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இல்லை, சிஸ்டர்."

"பரீட்சை புதன்கிழமை. நோயாளி சம்மதித்தால்தான் தொட முடியும். வேறு நோயாளி தர மாட்டேன். சம்மதிக்கவைப்பதும் நர்ஸின் வேலைதான்." குரலை உயர்த்தவில்லை. அதனால் இன்னும் தெளிவாகக் கேட்டது. அதாவது, புதன்கிழமை லாத்தா வேண்டாம் என்றால் வியாழக்கிழமை நான் மாட்டுங்காவில் இருப்பேன்.

தரையைத் துடைத்தேன். ஷீட்டை மாற்றினேன். மூலைகளை மடித்தேன். லாத்தா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் டீ கொண்டுபோனபோது அவரே ஸ்டூலைக் காட்டினார்.

"இரி. ரொம்ப ஏசிட்டேனோ?"

"நன்னா ஏசினேள், லாத்தா."

"நோம்புக்கு முன்ன எங்க மாமியா மௌத்தாப் போனாவ. நாங்க பொம்பளைய நாலு பேரு சேந்து மையத்தக் குளிப்பாட்டுனோம். மையத்துன்னா தெரியுமா? உசுரு போன ஒடம்பு. அதுக்குன்னு ஒரு முறை இருக்கு. கட்டுல்ல மல்லாக்கப் படுக்க வைக்கணும். மேல வெள்ளத் துணி. துணிக்கு அடியிலதான் கைய விட்டுக் கழுவணும், ஒடம்பு தெரியப்படாது. மொதல்ல வலப்பக்கம், பொறவு எடப்பக்கம். சுத்தியும் மறைப்பு. ஆரும் வளவளன்னு பேசப்படாது. கடேசித் தண்ணிக்கு..."

"கற்பூரம்."

"ஆங். சனிக்கிழமையே எனக்குப் பயம் வந்துட்டு. நீ செய்யச் செய்ய ஒண்ணொண்ணா அதே மாரி வருது. சின்னப் பிள்ள, தெரியாமச் செய்யுதேன்னு பொறுத்துக்கிட்டேன். இன்னிக்கு அந்த வாடையும் வரவும், சரி, டாக்டர்மாரு எங்கிட்ட எதையோ மறைக்காவன்னு நெனச்சிட்டேன்."

நான் எவ்வளவு ஒழுங்காகச் செய்தேனோ அவ்வளவுக்கு அவரைப் பயமுறுத்தியிருக்கிறேன். கற்பூரம் நான் சேர்த்தது. மற்றவை எல்லாம் பள்ளிக்கூடம் சேர்த்தவை.

"புதன்கிழமை எனக்குப் பரீட்சை, லாத்தா" என்று சொன்னேன். "நீங்க வேண்டாம்னா நான் தொட மாட்டேன்."

"தொடலன்னா ஒன்ன என்ன செய்வாவ?"

"ஆத்துக்கு அனுப்பிடுவா. டைப்பிங் கத்துண்டு ஆபீஸ் வேலைக்குப் போகணும்."

"அது நல்ல வேலதான? ஃபேனுக்குக் கீழ உக்காந்துக்கலாம்."

"நல்ல வேலைதான். ஆனா டைப்ரைட்டர் என்னப் பாத்து சாப்ட்டியான்னு கேக்காது."

அவர் டீயை ஊதி ஊதிக் குடித்தார். நான் டம்ளரை வாங்கக் கை நீட்டினேன். கொடுக்கவில்லை.

"சரி, எது எதெல்லாம் மையத்து மாரி இருக்கப்படாதுன்னு நா சொல்லுதேன். ஒன் பொஸ்தகத்துல எடமிருக்கான்னு பாரு."

அப்படிக் கேட்டால் நான் பிழைத்துக்கொள்வேன். இதற்குத்தானே பழகியிருந்தேன். மல்லாத்திப் படுக்கவைக்கக் கூடாது என்றார். நோயாளியின் நிலைக்கு ஏற்றபடி படுக்கவைக்கலாம் என்பதுதான் விதி. முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்த்து உட்காரவைத்தால் மாவுக்கட்டுக்கு ஒன்றும் ஆகாது. வெள்ளைத் துணி கூடாது என்றார். போர்த்த வேண்டும் என்றுதான் விதி, நிறம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அவருடைய கணவர் மறுநாள் பச்சையில் மஞ்சள் பூப்போட்ட போர்வை ஒன்றைத் துவைத்துக் கொண்டுவருவார். முகத்தைத் தாமே கழுவிக்கொள்வதாகச் சொன்னார். அதற்கும் இடமுண்டு, முடிந்ததை நோயாளியே செய்தால் நல்லது.

வலப்பக்கம் முதலில் கூடாது என்றதுதான் சிக்கல். எங்களுக்குக் கற்பித்தபடி, நர்ஸுக்கு எட்ட இருக்கும் கை முதலில், கிட்ட இருக்கும் கை பிறகு. நான் நின்ற பக்கத்திலிருந்து எட்ட இருந்தது அவருடைய வலது கை. எழுந்து கட்டிலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். லாத்தா என்னை விநோதமாகப் பார்த்தார். மறுபக்கம் போய் நின்றேன். இப்போது எட்ட இருந்தது இடது கை.

"லாத்தா, நான் இந்தப் பக்கம் நிக்கறேன். எடது கைதான் மொதல்ல."

"அம்புட்டுத்தானா? இதுக்கா ரெண்டு நாளா பயந்து செத்தோம்!" என்றார். பிறகு விரலைத் தூக்கி, "இன்னொண்ணு இருக்கு. நா பேசிக்கிட்டே இருப்பேன்."

"குளிப்பாட்டறபோது நோயாளி அதிகம் பேசப்படாது, லாத்தா. களைச்சுப்போயிடும்னு விதி."

"பேசாட்டித்தான் எனக்குக் களைக்கும். நீ ஒன் விதியப் பாரு. நா பேசுதேன்."

அதற்கு மட்டும் என்னிடம் வழி இல்லை. பேசட்டும் என்று விட்டுவிட்டேன்.

புதன்கிழமை வந்த பரீட்சகர் வேறொரு ஆஸ்பத்திரியைச் சேர்ந்த மராத்திக்காரப் பெண்மணி. கனத்த கண்ணாடி, இஸ்திரி கலையாத புடவை. டியூட்டர் சிஸ்டர் பக்கத்தில் நின்றார். பொருள்கள் அடுக்கிய தள்ளுவண்டி வழக்கமான பக்கத்தில் இல்லையே என்று பரீட்சகர் கேட்டார். நோயாளிக்கு இந்தப் பக்கம் சௌகரியம் என்றேன். கண்ணாடிக்கு மேலாக ஒரு முறை பார்த்தார், விட்டுவிட்டார். தட்டிகளை இழுத்தேன். பச்சைப் போர்வையை விரித்தேன். லாத்தா பிஸ்மி சொல்லி முகம் கழுவினார். பிறகு ஆரம்பித்தார்.

"கைய நல்லாத்தான் தேய்க்கா. இந்தக் கையாலதான் நாலு பிள்ளையளுக்கும் எண்ண தேச்சுவிட்டேன். ஏ மவளே, கக்கத்துல கூசுது! கூச்சம் இருக்கு பாத்தியா, கூச்சம் இருந்தா உசுரு இருக்கு. நேத்து இங்க ஒரு பருப்பு குடுத்தான், பருப்பா அது? சொவத்துல பூசலாம். எங்க வீட்டுக்காரரு போர்வையத் தொவைச்சிருக்காரு பாரு, சோப்பே போட்டிருக்க மாட்டாரு. இந்தா, சோத்தாங்கைக்கு வந்துட்டியா? சரி, சரி, எடது முடிஞ்சாச்சுல்ல. உசுரு எடுக்க வாற மலக்குமாரே, கேட்டுக்கோங்க, நா செம்பூருல குளிச்சிக்கிட்டு இருக்கேன், ஆரும் என்னத் தேடி வர வேணாம்!"

எனக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தண்ணீரை மாற்றினேன். ஒவ்வொரு பாகமாகத் திறந்து, கழுவி, துடைத்து, மூடினேன். மஞ்சள் பூக்களுக்கு நடுவே நல்ல காலின் பாதம் வந்தபோது என் கை முழுக்க நிதானத்துக்கு வந்துவிட்டிருந்தது. பேசினுக்குள் பாதத்தை வைத்ததும் லாத்தா பாதி வாக்கியத்தில் "ஹா" என்றார். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்.

பரீட்சகரால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. லாத்தாவைப் பார்த்து ஹிந்தியில், "ஏன் இப்படி ஓயாமல் பேசுகிறாய்?" என்று அதட்டினார்.

லாத்தா அவரை நிமிர்ந்து பார்த்தார். "ஜிந்தா ஹூம், பாயி. இஸ்லியே."

உயிரோடு இருக்கிறேன் அம்மா, அதனால்தான். தட்டிக்கு அப்பாலிருந்து யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். பரீட்சகர் சிரிக்கவில்லை. குனிந்து, லாத்தாவின் கால் விரல்களுக்கு இடையில் தம் விரலை விட்டுப் பார்த்தார். ஈரமில்லை. முழங்கால் மடிப்பு, காதுக்குப் பின்னால், கழுத்து. ரப்பர் ஷீட்டைத் தூக்கி மெத்தையைத் தொட்டார். அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நான் பேசின்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது டியூட்டர் சிஸ்டர் கழுவுமிடத்துக்கு வந்தார்.

"அதிகப் பேச்சு என்று உனக்கு மார்க் குறைத்திருக்கிறார்."

"சரி, சிஸ்டர்."

"மற்றதில் குறைக்க இடம் தேடினார், கிடைக்கவில்லை. நீ இங்கேயே இருக்கிறாய்." போகிற போக்கில், "வாளியைக் கழுவ மறந்துவிடாதே" என்றார்.

வாளியைக் கழுவினேன். அதன் பிறகுதான் வார்டுக்கு ஓடினேன். ஓடக் கூடாது என்பதும் ஒரு விதி, நெருப்புக்கும் ரத்தப்போக்குக்கும் மட்டுமே ஓடலாம்.

"தேறிட்டேன், லாத்தா!"

"நீ எங்க தேறினே? நா தேறினேன்னு சொல்லு. வாயி வலிக்கி எனக்கு." என் கன்னத்தைக் கிள்ளினார். சோப்பு வாசனை அடித்த விரல். "ஒங்க வாப்பாட்ட சொல்லு, பிள்ளைய டைப்படிக்கப் போடாண்டாம்னு லாத்தா சொல்லிச்சுன்னு."

அப்பாவிடம் சொன்னேன். அவர் பேப்பரைத் தாழ்த்தி, "யாருடி லாத்தா?" என்றார். முழுக்கதையும் சொல்லி முடிக்கும்வரை பேப்பரை மறுபடி தூக்கவில்லை. அம்மா, "என் கற்பூரத்தைக் கொண்டுபோயா அந்தப் பாவத்தைப் பண்ணினே!" என்றாள். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை லாத்தாவுக்கென்று ஒரு டப்பா முறுக்கு கட்டிக்கொடுத்தாள்.

மாவுக்கட்டு பிரிக்கும்வரை லாத்தாவைக் குளிப்பாட்டுவது என் வேலையாகவே இருந்தது. பரீட்சகர் இல்லை, மார்க் இல்லை. தினமும் நான் மறுபக்கம் போய் நிற்பேன். அவர் பேசுவார். ஒரு நாள் காலை இடது கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, தாராவிக் குழாயடிச் சண்டை ஒன்றைச் சொல்லிவந்தவரின் குரல் மெல்ல இழுபட்டது. நிமிர்ந்து பார்த்தேன். தூங்கிப்போயிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. மார்பு ஏறி இறங்கியது. கை என் கையில் முழு பாரத்தோடு கிடந்தது.

எழுப்ப மனம் வரவில்லை. பேச்சில்லாமல் தொடரவும் மனம் வரவில்லை. தாழ்ந்த குரலில் நானே ஆரம்பித்தேன். "எடது கை ஆச்சு, லாத்தா. இப்போ வலது கை. தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு. இன்னிக்கும் அதே பருப்புதான் வரப்போறது, தப்பிக்க முடியாது."

அடுத்த கட்டிலில் இருந்த மராத்திக்கார அம்மா தட்டியின் இடுக்கு வழியே பார்த்துக் கன்னத்தில் கையை வைத்துக் காட்டினார். தூங்குகிறவளிடம் என்ன பேச்சு என்று கேட்கிறார். தெரியும் என்று தலையசைத்துவிட்டு, வலது கையைப் போர்வைக்குள் வைத்து மூடி, லாத்தாவிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் மாற்றப் போனேன்.